ஷூவுக்கு எண்ணெய்க் குளியல்

14.6.1995, புதன்

நாளைக்கு எங்கள் மகள் கவிதா நர்ஸ் வேலையில் சேருகிறாள். வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூ குதிகாலைக் கடிக்கிறது என்றாள். புதுச் செருப்பு கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவுவதுதானே நம் வழக்கம்? தடவினேன். தாராளமான கை, அடிப்பாகத்தையும் விடவில்லை.

சாயங்காலம் போட்டுப் பார்த்தவள் மொசைக் தரையில் வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பினாள். கதவு மட்டும் இல்லையென்றால்... வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

"ஏனுங்க, எண்ணெய் தடவச் சொன்னா ஷூவையே வடையாச் சுட்டுப்போட்டீங்களா?" என்றாள் என் வீட்டுக்காரி.

எட்டாவது படித்த மூளை வேலை செய்தது. புதன்கிழமை எண்ணெய் தேய்த்தால் சீயக்காய் போட வேண்டுமல்லவா? ஷூவுக்கும் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். அடியை உப்புத்தாளால் தேய்த்து, பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பஞ்சர் சொல்யூஷன் வைத்து ஒட்டினேன்.

இப்போது வழுக்கவில்லை. ஆனால் நடந்தால் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது.

"தூங்குற நோயாளியெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்குவாங்கப்பா" என்று சிரிக்கிறாள் கவிதா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியும் கையுமாக வார்டில் நடக்கும்போது டியூப் பிய்ந்துகொண்டால்?

இன்னும் ஹாலில் நடந்து பழகிக்கொண்டிருக்கிறாள். கீச்சு, கீச்சு. அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் பெண் விழவில்லை என்று அர்த்தம். அதைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன்.

இப்போது நின்றுவிட்டது. "அம்மணி" என்று மகளைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வாரேன்.