உன் எலிகளைச் சாட்சிக்கு அழைத்தார்கள்

கார் டிக்கியில் மளிகைப் பைகளை வைக்க இடம் ஒதுக்கியபோது உன் சாம்பல் நிற ஜாக்கெட் கையில் சிக்கியது. முகர்ந்து பார்த்தேன். அதே வாடை, எலித் தீனியின் கொழுப்பு வாடை. ஆய்வகத்திலிருந்து நீ காரில் ஏறும்போது அதுவும் ஏறிக்கொள்ளும். சான் ஹோசே வரும்வரை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, ஃப்ரீவே இரைச்சலில் கத்திக் கத்திப் பேசுவோம். "மாவுச்சத்தே இல்லாம வெறும் கொழுப்பாத் தின்னா அதுங்களுக்கு அலுக்காதாடி?" என்று ஒருநாள் கேட்டேன். "நாங்க என்ன மெனு கார்டா குடுக்கறோம்?" என்றாய்.

உன் மேல் எனக்குக் கோபம். போய்ச் சேர்ந்தவள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

அன்று சர்ச் ஹாலில் நீ பேசியிருக்கவே வேண்டாம். பாதி ஹால் சோற்றை விட்டுப் பேலியோ உணவுமுறையில் இருந்த காலம் அது. விருந்துக்கு வருகிற அங்கிள்கள் சட்டைப் பையில் பாதாம் கொண்டுவந்தார்கள். "உன் ஆராய்ச்சியப் பத்தி எங்களுக்குப் புரியற தமிழ்ல சொல்லேன்மா," என்று ரோஸி ஆன்ட்டி கேட்டதும் நீ எழுந்து நின்றுவிட்டாய். அந்தக் கொழுப்புத் தீனி தின்ற பெண் எலிகளில் சில சினைப்படவே இல்லை, சினைப்பட்டவற்றின் குட்டிகள் சிறுத்துப் பிறந்தன, எடை ஏறவும் திணறின என்றாய்.

"அப்போ மாசமா இருக்கறவங்க கண்டிப்பா சோறு சாப்பிடணும், அதானே?" என்றார் ஆன்ட்டி.

"தெரியாது ஆன்ட்டி."

சிரித்தார்கள். இத்தனை படித்தும் தெரியாதா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். எனக்குத்தான் முகம் சுருங்கியது, உனக்கில்லை. திரும்பி வரும்போது காரில் சொன்னாய்: "எலிகிட்ட நாம கேள்விதான் கேக்கறோம். பொம்பளைக்கு என்ன ஆகும்கறதை பொம்பளைங்களை வச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்." இதை நீ காருக்குள் சொல்லி என்ன பயன்? ஹாலில் சொல்லியிருக்க வேண்டும். நீ சொன்னதில் எலியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். தெரியாது என்றதை அங்கேயே உதறிவிட்டுப் போனார்கள்.

போன ஞாயிறு உனக்காகப் பூசை வைத்தோம். பாட்டுக் குழுவில் உன் பக்கத்தில் நிற்பாளே ஜெனிட்டா, அவளும் வந்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பதும், டாக்டர் சொல்லி அவள் சோற்றைக் குறைத்ததும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, நீ போன பிறகு அவளுக்குக் கரு தங்கி, மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. பூசை முடிந்து அதே ஹாலில் சாப்பிடும்போது ரோஸி ஆன்ட்டி அவள் தட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் சோத்தை ஒதுக்கறியா? இங்க நின்னு அவ சொன்னாளே, அந்த எலிங்களுக்கு ஆனதுதான் உனக்கும் ஆச்சு. வயித்துல எப்படிடி நிக்கும்?"

உனக்காக வைத்த சாப்பாட்டில், உன் பெயரைச் சொல்லி. ஜெனிட்டா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "ஆன்ட்டி, இவ எலி இல்ல. அதுங்க தின்னதை இவ தின்னவும் இல்ல. செத்தவ வாயில இல்லாத வார்த்தையத் திணிக்காதீங்க," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்."

நல்லதுக்கு. அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெனிட்டாவை நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, என்னாலதான் போச்சா? அவங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்றாள். இல்லவே இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய்.

"ஏன் போச்சுன்னு தெரியாதுன்னு சொல்லியிருப்பா. தெரியாத ஒண்ணுக்கு உன்மேல பழி போட யாருக்கும் உரிமை இல்லன்னும் சொல்லியிருப்பா."

இரண்டாவது வாக்கியம் என்னுடையது. கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன்.

"தெரியாது," என்று அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஜன்னலைத் திறந்து, வீடு வரும்வரை அழுதாள். இறங்கும்போது பசிக்கிறது என்றாள்.

ஜாக்கெட்டை நான் துவைக்கப் போவதில்லை. கோபமும் ஆறவில்லை. நாளை ஞாயிறு. அந்த ஹாலில் யாராவது உன் எலிகளை மறுபடி சாட்சிக்கு அழைத்தால், நீ நின்ற இடத்தில் போய் நிற்பேன். தெரியாது என்று சொல்வேன். சிரிக்கிறவர்கள் இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும்.