நான் சொன்ன ஒரு வார்த்தையும் ஹர்மனின் முடியும்

என் சர்தார்ஜிக்கு,

உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. இருபத்தொரு வருஷம் என்னோடு குடித்தனம் செய்து நீங்கள் கற்றுக்கொண்ட தமிழ், மீன் குழம்புக்கும் சண்டைக்கும்தான் போதும். இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். இந்தியில் எனக்குப் பேரம் பேச வரும், அழ வராது.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. செம்பூரில் உங்கள் சீட் கவர் கடையை உங்கள் அண்ணன், ஹர்மனின் தாயாஜி, பார்த்துக்கொள்கிறார். ஹர்மன் மறுபடியும் காலேஜுக்குப் போகிறான். நல்ல செய்தி அவ்வளவுதான். மற்றதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நம் கல்யாணம் நினைவிருக்கிறதா? கோலிவாடா குருத்வாராவில் கிரந்த சாகிபை நாலு முறை சுற்றி வந்தோம். மறுநாள் தாராவி முருகன் கோயிலில் எனக்குத் தாலி கட்டினீர்கள். "மேலே இருக்கிறவன் ஒருத்தன்தான். ரெண்டு தடவை சாட்சிக்குக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டான்" என்றீர்கள். அவனுக்கு உருவமே கிடையாது என்பீர்கள். நான் அவனை வேலும் மயிலுமாகப் பார்ப்பேன். அதை வைத்து நமக்குள் சண்டை வந்ததே இல்லை. நம் சண்டையெல்லாம் மிக்ஸியை யார் கழுவுவது என்பதில்தான்.

ஹர்மன் பிறந்தபோது கிரந்தத்தைத் திறந்து, வந்த பக்கத்தின் முதல் எழுத்தில் பெயர் வைத்தோம். என் அப்பாவோ பேரனுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போடுவதாக நேர்ந்திருந்தார். நீங்கள் அவர் காலைத் தொட்டு, முடியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டீர்கள். ஆண்டவன் கொடுத்தபடியே அது இருக்கவேண்டும், குருவின் வழி அது என்றீர்கள். அப்பா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, முடிக்குப் பதிலாகப் பேரனின் எடைக்கு எடை வெல்லம் கொடுத்து நேர்ச்சையைத் தீர்த்தார். கல்யாணமானதிலிருந்து நீங்கள் எங்களிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அதைத்தான் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

நான்காம் நாள் அண்ணன் உங்கள் அஸ்தியோடு பஞ்சாபுக்கு ரயிலேறினார். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று ஹர்மன் நின்றுகொண்டான். மறுநாள் காலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மா, தாயாஜி அங்க எல்லாம் பண்றாரு. உன் பக்கத்துல, அப்பா செத்துட்டா மகன் என்ன பண்ணுவான்?"

"எங்க பக்கம்னா மவன் மொட்டை போடுவான்லா. பத்தாம் நாள் சோத்து உருண்டை வைப்பான்."

கேட்டான், சொன்னேன். செய் என்று சொல்லவில்லை. இதை எத்தனை தடவை எனக்கே சொல்லிப் பார்த்தாலும் மனசு ஒப்பவில்லை.

மதியம் மொட்டைத் தலையோடு வந்து நின்றான். தொண்ணூறு அடி ரோட்டில் எங்கள் ஊர்க்காரர் சலூன். அவர் கத்தியை எடுக்காமல், "தம்பி, நீ சர்தார் பிள்ளையால்லா இருக்க. வீட்டுல கேட்டியா?" என்று ரெண்டு தடவை கேட்டாராம். "அம்மாதான் சொன்னாங்க" என்றானாம்.

"அப்பாவுக்கு ஆகாதுன்னு தெரியாதாலே ஒனக்கு?" என்று கத்தினேன்.

"தெரியும் மா. எங்கிட்ட இருந்ததுலயே அதான் பெருசு. அதான் குடுத்தேன்."

இடுப்பு வரை வளர்ந்திருந்த முடியை ஒரு பாலிதீன் பையில் கொண்டுவந்திருந்தான். அதை என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உங்கள் வழியில் அது தவறு, என் வழியில் காணிக்கை. பை இன்னும் பீரோவில், உங்கள் சட்டைகளுக்குக் கீழே இருக்கிறது. ஒரே தலையை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை ரெண்டு பக்கத்துக்கும் எப்படி மகனாக இருப்பான், சொல்லுங்கள்?

பத்தாம் நாள் குருத்வாராவில் கிரந்தம் வாசித்து முடித்தார்கள். எல்லோரும் நின்று அர்தாஸ் வேண்டினோம். அடுத்தது மூத்த மகனுக்குத் தலைப்பாகை கட்டுவது. இனி வீட்டுக்கு நீதான் பொறுப்பு என்று சொல்லும் சடங்கு. அன்று காலைதான் ஊரிலிருந்து திரும்பியிருந்த அண்ணன், துணியை எடுத்துக்கொண்டு ஹர்மனிடம் வந்தார். தலையில் கட்டியிருந்த கைக்குட்டைக்குக் கீழே காதோரம் மழித்திருந்ததைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"யே கிஸ்னே கர்வாயா?" யார் செய்யச் சொன்னது என்று கேட்டார்.

"யாரும் இல்ல தாயாஜி. நானேதான்."

அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் எழுந்து உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது. உட்கார்ந்தே இருந்தேன். அண்ணன் திட்டவில்லை. துணியை மடித்து என் மடியில் வைத்து, "பால் ஆனே தோ பேட்டா, ஃபிர் பாந்தேங்கே" என்றார். முடி வளரட்டும், அப்புறம் கட்டலாம் என்று. சொல்லிவிட்டுத் தூணோரம் போய் நின்று அழுதார். அவர் வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதிலிருந்து ஹர்மன் குருத்வாராவுக்கு உள்ளே வருவதில்லை. ஞாயிறுதோறும் என்னைக் கூட்டி வருவான். ஆனால் செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்து, வருகிறவர்களின் செருப்பைத் துடைத்து அடுக்குவான். அது பெரிய சேவை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். அவன் அங்கே ஒளிந்துகொண்டிருக்கிறான் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

முருகன் கோயிலுக்கும் வரமாட்டேன் என்கிறான். அண்ணன் போன் செய்தால் எடுப்பதில்லை.

போன வாரம் கண்ணாடி முன்னால் நின்று கேட்டான். "மா, வளக்கவா, வெட்டவா? நீ சொல்லு, செஞ்சிர்றேன்."

"அப்பாவ நெனச்சுக்கிட்டு நீயே முடிவு பண்ணுலே" என்றேன்.

"அப்பா எங்க இருக்காரு மா? நீ ஜன்னல்ல காக்காவுக்குச் சோறு வைக்கிற. தாயாஜி, ஜோத் ஜோத்தோட கலந்துருச்சுங்கறாரு. நான் எங்க போயி கேக்கறது?"

ஒளி ஒளியோடு கலந்துவிட்டது என்கிறார் அண்ணன். கலந்த பிறகு உங்களைப் பிரித்து எப்படிக் கூப்பிடுவது? காக்காய் வந்து சோற்றைத் தின்றுவிட்டுப் போகிறது, பதில் சொல்வதில்லை. நீங்கள் இருந்தால் ஒரு வார்த்தையில் தீர்த்துவைத்திருப்பீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சர்தார்ஜி. வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் ஒரே ஒரு தடவை திறக்கப்போகிறேன். வருகிற ஞாயிறு, அர்தாஸ் முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் எழுந்து நிற்பேன். பிள்ளை அவனாகச் செய்யவில்லை, சொன்னது நான்தான் என்று அண்ணன் முன்னால் சொல்வேன். அதற்கு அவர் என்ன சொல்வார், தெரியாது. ஹர்மன் முடியை வளர்ப்பானா, அதுவும் தெரியாது. இனி அதைப் பற்றி அவனிடம் பேசமாட்டேன். சொல்லி முடித்ததும் வெளியே போய், அந்தச் செருப்புகளுக்கு நடுவிலிருந்து அவன் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டி வருவேன். இது சத்தியம்.

உங்கள் மகனைப் பெற்றவள்,
உங்கள் மனைவி செல்வி