முந்நூறு பேர் பார்த்த செய்தி

எம். புதுப்பட்டி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் கதிரவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம், கோயம்புத்தூரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் அக்கா நேற்று இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். கையைப் பற்றித்தான் டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பட்டாசுக் கம்பெனியில் வெடித்து, அவளை விருதுநகருக்குக் கொண்டுபோனதும், ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்கள். உடனே உனக்குப் போன் செய்தேன். நம்ம மாவட்டத்துக் காலேஜ் பிள்ளைகள் குரூப்பில் உன் நம்பரோடு போட்டுவிட்டேன்ம்மா, முந்நூறு பேர் இருக்கிறோம், கவலைப்படாதே என்றாய். எனக்கும் உயிர் வந்தது. அதிலிருந்து போன் ஓயவே இல்லை. எல்லாரும் ஒரே கேள்விதான், கிடைச்சிருச்சாக்கா என்று. இல்லை என்றால், சரிக்கா, ஷேர் பண்ணுதேன் என்று வைத்துவிடுவார்கள். நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு லைன் கிடைக்காமல் தேடிக்கொண்டு ஓடி வந்தாள்.

நாலு மணிக்குக் காரியாபட்டியிலிருந்து நாஜியா என்று ஒரு பெண் பஸ் ஏறி வந்து நின்றாள், உன் குரூப்பில் இருப்பவள்தான். போன்கூடச் செய்யாமல் வந்திருக்கிறாயே தாயி என்றேன். போன் பண்ணுனா, கிடைச்சிருச்சுன்னு நீங்க சொல்லிற மாட்டீகளான்னு மனசு கெடந்து எதிர்பார்க்கும்க்கா, அதான் கேக்காமலே வந்துட்டேன் என்றாள். அவள் கொடுத்த ரத்தம்தான் ஏறியது.

உன் கூட்டாளி விக்னேஷ்வரனுக்கும் அதே ரத்தம் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். விருதுநகரிலேயே இருக்கிறான். அவன் அம்மாவிடம் விசாரித்தேன், பார்த்தானாம், இம்புட்டுப் பேர்ல யாராச்சும் போயிருப்பாகன்னு இருந்துட்டானாம். நீயும் அவனுக்குத் தனியாக ஒரு போன் போடவில்லையே. நீ கெட்ட பிள்ளை இல்லை, அவனும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே உனக்கு ஒன்று என்றால் முந்நூறு பேரும் பார்த்துவிட்டு இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

நேரத்துக்குச் சாப்பிடு, மாரியம்மன் உன் பக்கத்திலேயே இருப்பாள். அந்தச் செய்தியை அழித்துவிடு, இன்றைக்கும் மூன்று பேர் கேட்டார்கள். உன் ஹாஸ்டலில் எழுந்து வரக்கூடிய இரண்டு பேருடைய பெயரும் நம்பரும் எழுதி அனுப்பு. குரூப் பெயர் வேண்டாம்.

உன் அம்மா,
பொன்னுத்தங்கம்