நாற்பது நடை மிச்சம்

அம்மாவின் பாதங்களுக்கு வணக்கம். அவற்றில் வீக்கம் வடிந்ததா? என் கால்வலி போய்விட்டது, கவலை வேண்டாம்.

எங்கள் சின்னப் பட்டறையில் வீண் வேலையைக் குறைக்க யோசனை கேட்டார்கள். போல்ட் எடுக்கவே தினமும் நாற்பது தடவை ஸ்டோருக்கு நடக்கிறேன் என்றேன். கைதட்டி, போல்ட் பெட்டியை என் மேசைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

இங்கே நம் பாஷை பேசுகிற ஒரே ஆள் அந்த ஸ்டோர்க்காரர். போகும்போதெல்லாம், "வாய்யா, வீட்ல என்ன சேதி?" என்பார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

நேற்றுச் சும்மா அந்தப் பக்கம் கிளம்பினேன். சூப்பர்வைசர் கேட்டதற்கு, தண்ணீர் குடிக்க என்றேன். இன்று தண்ணீர் கேனும் என் மேசையருகே வந்துவிட்டது.

போன கடிதத்தில் சொன்னாயே, பக்கத்து வீட்டுக்காரியோடு நீ போட்ட சண்டை, அதை ஒரு வார்த்தை விடாமல் எழுது, அம்மா. வேலைக்குச் சங்கு ஊதுகிறது.

உன் மகன்