பக்கத்து வகுப்பில் என் மகள்

நவம்பர் 4, திங்கள்

தீபாவளிப் புகை இன்னும் போகவில்லை. கண் எரிச்சல், தொண்டையில் கரகரப்பு. லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து பள்ளிக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு நடை. நிலாவும் கூட. வழி நெடுக அவள் தோழியோடு இந்தியில் அரட்டை. நான் ஏதாவது கேட்டால் "ஹாங் அப்பா." அதோடு சரி.

வாங்க வேண்டியது: சிவப்பு பேனா, தயிர், தொண்டைக்கு மிட்டாய்.

மூன்றாவது பீரியட் 8 ஏ. செய்யுள் மனப்பாடம். பக்கத்து அறை 8 பி, க.வின் வகுப்பு. க. என்றால் கவிதா. ஜூலையில் சேர்ந்த தமிழ் டீச்சர், கோயம்புத்தூர்க்காரி. இந்த வாரம் என்ன படிப்பது என்று பிள்ளைகளே தேர்ந்தெடுக்கலாமாம். ஆளுக்கு ஒரு விஷயம். அதைத் தமிழில் கற்றுக்கொண்டு வந்து வகுப்புக்குச் சொல்லித்தர வேண்டுமாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கும்மாளம். இந்தப் பக்கம் கொட்டாவி.

சொந்தப் பிள்ளை சொந்த வகுப்பில் இருக்கக் கூடாது என்பது எங்கள் பள்ளி வழக்கம். அதனால் நிலா 8 பி. அந்தக் கும்மாளத்தில் அவள் சிரிப்பும் இருந்தது. வீட்டில் அதைக் கேட்டு நாளாயிற்று.

நவம்பர் 5, செவ்வாய்

புகை அதே. விளையாட்டு பீரியட் ரத்து.

ஸ்டாஃப் ரூமில் வி.பி. (வைஸ் பிரின்ஸிபல் மேடம்) எல்லார் முன்னாலும் க.வைப் புகழ்ந்து தள்ளினார். "கொழந்தைகள் தமிழ் பீரியட் எப்ப வரும்னு கேக்கறதுகள், ஆச்சரியமா இருக்கு." எனக்குத் தேநீர் இறங்கவில்லை. இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியதற்கு எனக்கு ஒரு 'நன்னா இருக்கு' கிடைத்ததில்லை.

க. என்னிடம் வந்து, "சார், நீங்களும் ட்ரை பண்ணிப் பாருங்களேன். அவங்களே எடுத்தாங்கன்னா ஆசையாப் படிக்கறாங்க சார்" என்றாள். பல்லைக் காட்டி வைத்தேன்.

சாயங்காலம் நிலாவிடம், நீ என்ன எடுத்திருக்கிறாய் என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன். மிஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும்."

மிஸ்ஸுக்கு மட்டும். பெற்றவனுக்கு இல்லை. தமிழாசிரியன் மகள் தமிழ்ப் பாடத்தை அப்பாவிடம் ஒளிக்கிறாள். வயிறு எரிகிறது, எழுதினால் என்ன.

நவம்பர் 7, வியாழன்

சட் பூஜை, வடக்கத்திப் பண்டிகை. விடுமுறை. துணி துவைத்தது, மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்தது.

நிலா காலையிலிருந்து அடுக்களையில் அவள் அம்மா செல்வியோடு குசுகுசு. நான் தண்ணீர் குடிக்கப் போனால் இரண்டு பேரும் கப்சிப். தமிழில் எம்.ஏ. நான். செல்வி படித்தது பி.காம்., வேலை சாஸ்திரி பவனில் கணக்குப் பிரிவு. மகள் தமிழ் கேட்பது அவளிடம்.

செல்வி கண்டுபிடித்துவிட்டாள். "என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கிய? அந்தப் பிள்ள வாயத் தொறந்து தமிழ் பேசுதுன்னு சந்தோசப்படுவியளா, அத விட்டுட்டு."

சந்தோஷம்தான். ஆனால் வாயைத் திறக்க வைத்தது நானாக இருந்திருக்க வேண்டும்.

மதியம் திருநெல்வேலியிலிருந்து தம்பி ஃபோன். அவனோடு பேசினால்தான் கொஞ்சம் மூச்சு வருகிறது.

நவம்பர் 8, வெள்ளி

சரி, பார்த்துவிடலாம் என்று 8 ஏ-யில் கேட்டேன். "அடுத்த வாரம் உங்களுக்கு என்ன படிக்க விருப்பம்? நீங்களே சொல்லுங்கள்."

வந்த பதில்கள்:

"சார், டெஸ்ட்ல வருமா?"

"நீங்களே சொல்லிடுங்க சார், அதையே சூஸ் பண்றோம்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண்: "சார், கவிதா மிஸ்ஸ சூஸ் பண்ணலாமா?"

வகுப்பே சிரித்தது. இந்த வாரம் என் வகுப்பில் கேட்ட முதல் சிரிப்பு. சொல்வதெழுதுதல் கொடுத்தேன். கை வலிக்க எழுதட்டும்.

அப்படியே வி.பி. அறைக்குப் போனேன். 8 பி-யில் இரண்டு பாடம் பாக்கி, பரீட்சை வருகிறது, விளையாட்டுக்கும் ஓர் அளவு வேண்டாமா, எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒன்றுமில்லை, பிள்ளைகள் நலனுக்காகத்தான். எல்லாம் சொன்னேன். இரண்டு பாடம் பாக்கி என்பது உண்மை. மற்றது என்னவென்று எனக்கே தெரியும்.

"திங்கக்கெழமை நானே வந்து ஒக்காந்து பாக்கறேன். நீங்களும் வாங்கோ, சீனியர் இல்லையா."

ராத்திரி இரண்டு தோசை அதிகம்.

நவம்பர் 11, திங்கள்

மூடுபனியும் புகையும். பஸ்கள் விளக்கு போட்டுக்கொண்டு போகின்றன.

8 பி. பின்வரிசையில் வி.பி., பக்கத்தில் நான். முதலில் ஒரு பையன், கிரிக்கெட் வர்ணனை. சுமார். ஒரு பெண், கோல் மார்க்கெட்டில் காய்கறி பேரம், முழுக்கத் தமிழில். காய்க்காரராக நடித்தவன் பாதியில் இந்திக்குத் தாவிவிட்டான். குறை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்து நிலா.

"நான் எடுத்தது எங்கப்பா தமிழ்" என்றாள். "ஸ்கூல் தமிழ் இல்ல. எங்க சித்தப்பாகூட ஃபோன்ல பேசுற தமிழ். மிஸ்ஸுக்கு அது தெரியாது. அதனால அம்மாட்ட கேட்டேன்."

காதில் கையை ஃபோன் மாதிரி வைத்துக்கொண்டு, என்னைப் போலவே தொடையில் தட்டி: "எலேய், என்னலே செய்த? சாப்ட்டியா? சவத்த விடுலே, அவன் கெடக்கான் கோட்டிக்காரப் பய!"

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. வி.பி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'கோட்டி' என்றால் பைத்தியம் என்று நிலா கரும்பலகையில் எழுதிப் போட்டாள். எழுத்தெல்லாம் ஒழுங்கு.

க. கேட்டாள். "ஏன் இத எடுத்த நிலா?"

"சித்தப்பாகூட பேசும்போது அப்பா சிரிப்பாங்க. என்கூட பேசும்போது கரெக்‌ஷன் பண்ணுவாங்க. நானும் இப்படிப் பேசினா என்கூடவும் சிரிப்பாங்கல்ல?"

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் மனதில் ஓடியது இது: க.வுக்கு இது ஒரு வாரமாகத் தெரியும். எனக்குச் சொல்லாததை நிலா அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வி.பி. முந்திக்கொண்டார். "ரொம்ப நன்னா இருந்தது. ஆனா சார் வெள்ளிக்கெழமையே எங்கிட்ட வந்து சொன்னார், இதனால போர்ஷன் பாக்கின்னு. அவர் சொல்றதும் நியாயம்தான். பரீட்சை முடியற வரைக்கும் இதெல்லாம் நிறுத்திக்கலாம் கவிதா."

க. "சரிங்க மேடம்" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

நிலா திரும்பினாள்.

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் நிலா எனக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாள். தோழியோடு.

பள்ளியில் க. பாடப்புத்தகத்தைத் திறந்து வரிவரியாக நடத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "போய் அவகிட்ட பேசுங்க" என்றாள், அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு நிலா அறை வாசலில் நின்றேன். அவளோடு இதுவரை ஊர்த் தமிழில் பேசியதில்லை. கூச்சமாக இருந்தது. "ஏட்டி, சாப்பிட வாட்டி. அம்மை தோச சுடுதா."

புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தாள். சிரிக்கவில்லை.

"எனக்குப் பசிக்கவில்லை, அப்பா. நீங்கள் சாப்பிடுங்கள்."

ஒரு பிழை இல்லை.