இரண்டு விதிகளும் பொருந்தினால்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் அது பொய். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. "நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறோம், வீட்டு விஷயமாவது காகிதத்தில் இருக்கட்டும்" என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, தலைபோகிற காரியத்துக்கும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ உருவாக்கிய கணினி மொழியை எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குள் கொண்டுவர நான் யார் யாரிடம் கெஞ்சினேன் என்று உனக்குத் தெரியும். "உங்க அக்கா எழுதினதுங்கிறதுக்காகவா?" என்று மேலாளர் கேட்டார். "இல்ல சார், 'அனுப்பு'ன்னு ஒரே ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரே ஒரு கட்டளை போதும். வர்ற அழைப்பைப் பார்த்து எந்த விதி பொருந்துதோ அதை அதுவே எடுத்துக்கும். புது விதி சேர்க்கப் பழசைத் தொடவே வேண்டாம்" என்று விளக்கிச் சம்மதம் வாங்கினேன். இப்போது அந்த ஒரு ஃபங்ஷனுக்குக் கீழே அறுபத்திரண்டு விதிகள்.

தலைவலி என்னவென்றால், ஒரே அழைப்புக்கு இரண்டு விதிகள் பொருந்தினால் உன் மொழி அப்படியே நின்றுவிடுகிறது. எது என்று சொல் எனத் திரையில் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. யாராவது வந்து கையால் தேர்ந்தெடுக்கும்வரை அடுத்த வேலை நடக்காது. மேலாளர் என்னை முறைக்கிறார். நிற்காமல் ஓட ஒரு வழி செய்து கொடு.

உன் தம்பி

பிப்ரவரி 13

என் அவசரக்குடுக்கைக்கு,

இரண்டு பக்கம் எழுதியும் மருமகளைப் பற்றி ஒரு வரி இல்லை. நாலு வயசுக்காரி என்ன பேசுகிறாள், சாப்பிடுகிறாளா என்று எழுத உனக்குக் கை வராதா?

சும்மா எந்த இரண்டு விதி பொருந்தினாலும் அது நின்றுவிடாது. குழந்தைக்கு ஒரு விதி, மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஒரு விதி என்றால், இன்னும் குறிப்பான இரண்டாவதை அதுவே எடுத்துக்கொள்ளும். ஒன்று ஆளைப் பார்க்கிறது, இன்னொன்று இடத்தைப் பார்க்கிறது, எது பெரிது என்று சொல்ல வழியில்லை என்றால்தான் நிற்கும். அது குறை இல்லையடா. ஏழு வருஷ உழைப்பில் எனக்குப் பெருமை தருவது அது ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற புத்தி மனுஷர்களுக்கே கிடையாது.

எந்த இரண்டு விதிகள் மோதுகின்றன? எழுது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று மூன்றாவதாக ஒரு விதி போட்டால் தீர்ந்தது. ஒரு வரி வேலை.

அக்கா

மார்ச் 2

அக்கா,

எந்த இரண்டு என்று தேடிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. அடுத்த வாரம் உன் மொழிக்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள். இன்னொரு முறை நின்றால் உன் மொழியோடு சேர்த்து என்னையும் வெளியே தள்ளிவிடுவார்கள். ஒரு தடவையாவது கேள்வி கேட்காமல் செய்யேன்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். அத்தை எப்போது வருவாள் என்று நச்சரிக்கிறாள்.

தம்பி

மார்ச் 7

தம்பிக்கு,

மனசே இல்லாமல் செய்திருக்கிறேன். இதோடு இருக்கும் தாளில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதைச் சேர்த்தால், மோதும்போது நிற்காமல் கடைசியாக எழுதிய விதியை எடுத்துக்கொள்ளும். நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதுண்டா?

எந்த இரண்டு என்று இன்னும் நீ எழுதவில்லை.

அக்கா

மே 19

அக்கா,

ஆம்புலன்ஸ் வராமல் ஒரு பெண்மணி இறந்துபோனதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். அந்தப் பெண்மணி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். மூன்று முறையும் எங்கள் பக்கம் துண்டித்துவிட்டது.

சட்டைப்பையில் தானாக அழுந்தி வருகிற அழைப்புகளின் தொல்லை தாங்காமல், ஜனவரியில், பத்து நொடி பேச்சில்லை என்றால் துண்டி என்று ஒரு விதி எழுதினேன். பதிவு செய்த நோயாளி வீடு என்றால் உடனே வண்டி அனுப்பு என்று பழைய விதி ஒன்று இருந்தது. இரண்டும் பொருந்தின. கடைசியாக எழுதியது என்னுடையது.

28ஆம் தேதி விசாரணைக்கு நம் இருவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். மொழியில் உள்ள குறை, எங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை என்றுதான் சொல்லப்போகிறேன். உனக்குப் பெயர் கெடும், எனக்கோ சிறை. உன் மொழி நின்றபோதெல்லாம் பதிவான அறிக்கைகளை இங்கே அழித்துவிட்டேன். மொழியை எழுதியவள் என்பதால் உன் கணினிக்கும் ஒரு பிரதி வரும். அதையும் அழித்துவிடு. காலில் விழுந்து கேட்கிறேன். உன் மருமகளை நினைத்துப் பார்.

தம்பி

ஜூன் 1

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் அந்த அறிக்கைகளைத் திறந்தேன். அதற்கு முன்னால் ஒரு நாளும் திறந்ததில்லை. அந்தப் பாவம் என்னுடையது.

பதினொரு முறை நின்றிருக்கிறது. பதினொன்றும் அதே இரண்டு விதிகள். அதில் இரண்டு முறை அந்தப் பெண்மணியின் வீடு. அந்த இரண்டு முறையும் மொழி நின்று கேட்டது, உங்கள் அறையில் யாரோ எழுந்து வந்து வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர் பிழைத்தார். பதினொன்றின் கீழேயும் பார்த்ததாக உன் கையொப்பம் இருக்கிறது. எந்த இரண்டு என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் என்னிடம் கேட்டாய்.

அறிக்கைகளை அச்செடுத்து, அந்தத் தாள்களைப் பையில் எடுத்துக்கொண்டுதான் விசாரணைக்கு வந்தேன். "எங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல" என்று நீ சொன்னபோது என் பக்கம் திரும்பவில்லை. நீயாகச் சொல்வாய், சொல்வாய் என்று காத்திருந்தேன். பிறகு என்னைக் கேட்டார்கள். "மொழியோட குறைதான்" என்றேன். பையைத் திறக்கவில்லை.

வெளியே வராந்தாவில் ஒருவர் என்னிடம் வந்தார். அந்தப் பெண்மணியின் கணவர்.

"நீங்கதான் அதை எழுதினவங்களாம்மா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவளுக்குப் பேச்சு கிடையாது. அதுக்காகத்தான் எங்க வீட்டைப் பதிவே பண்ணினோம். கூப்பிட்டா பேச மாட்டா, நீங்க வந்துடுங்கன்னு எழுதியே குடுத்தோம். அப்புறம் ஏன் அவ பேசுவான்னு காத்திருந்தாங்க?"

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

"பரவாயில்லம்மா, நீங்களாவது நின்னு பதில் சொன்னீங்களே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

தாள்களை அழிக்கவில்லை. கொடுக்கவும் போவதில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்குத் தெம்பில்லை, இனி உன் முகத்தில் விழிக்கவும் தெம்பில்லை. எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன். குழந்தை கேட்டால், அத்தை வர மாட்டாள் என்று சொல்லிவிடு.

அக்கா