மருத்துவரிடம் காட்டிய வாய்தாக் குறிப்புகள்

12.8.2010, வியாழன், கடலூர்.

இன்று சிதம்பரம் சென்று மனநல மருத்துவரைப் பார்த்தேன். எனக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதித்துச் சொல்லும்படி கேட்டேன். என் மறதிக்குச் சான்றாக, வக்கீலான நான் ஒவ்வொரு வாய்தாவையும் மறந்துவிடாமலிருக்க மூன்று முறை குறித்துவைத்திருக்கும் மூன்று நாட்குறிப்புகளையும் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இவ்ளோ நீட்டா எழுதுறவருக்கு அதெல்லாம் இருக்காது சார். அது ஸ்கூல் பசங்களுக்கு வர்றது. ஒங்களுக்கு டென்ஷன்தான் ஜாஸ்தி."

மூன்றிலும் எழுதியிருந்தும், காடாம்புலியூர் முந்திரித்தோப்பு வழக்கில் நான் ஆஜராகத் தவறியதையும், அதனால் வழக்கு தள்ளுபடியானதையும் சொன்னேன்.

"யாருக்கு சார் மறதி இல்ல?" என்றார்.

திரும்பி வந்தபோது, தோப்புக்குரிய கட்சிக்காரர் என் அலுவலக வாசலில் காத்திருந்தார்.

"நாளைக்குக் கடைசி நாளாமே. மனு போட்டுடுவீங்கல்ல வக்கீல் சார்? அந்தத் தோப்ப வுட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

போட்டுவிடுவேன் என்றேன்.

வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்கக் கோரும் அம்மனுவில், வராமைக்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும். மருத்துவரின் சான்றிதழை இணைக்கலாம் என்று எண்ணியிருந்தேன். இப்போது, 'வேண்டுமென்றே அல்ல' என்பதுவரை எழுதிவிட்டேன். எதனால் என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.